கூழுக்கு நாணுவதேன்?

உயர்ந்த சுவையுடைய உண்டி, உயர்ந்த விலை கொடுப்பார்க்கே வாய்க்கும் என்னும் பொய்க்கருத்து இற்றைத் தமிழர் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. நாட்கூலிக்கு உழைப்பவரும், திங்கட் கடைசியில் கடன் வாங்கிக் காலந்தள்ளுபவரும், பிள்ளைகட்கு நல்லது வாங்கித் தருவதாக எண்ணிக் குளிரூட்டிய உணவகத்துள் நுழைந்து, ஒரு கிழமைக் காய்கறிக்கான பணத்தை ஒருவேளைத் தட்டுக்குக் கொட்டிவிட்டு மீள்கின்றனர். வீட்டில் கொள்ளுச்சாறு ஆறிக் கிடக்கின்றது.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர்கிழார் காட்டும் அடுக்களையில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. புதுமணப்பெண் கட்டித் தயிரைத் தன் மெல்விரலாற் பிசைகின்றாள். விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கின்றாள். தாளிப்புப் புகை அவள் கண்ணிற் படிகின்றது. அவள் துழாவி அட்ட புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கின்றது. பெரும்பாணாற்றுப்படையிலோ, முல்லைநிலத்தார் பாணர்க்கு இடும் வரகுச் சோறு பூளைப்பூவாகவும், அதன்மேற் சொரியும் அவரைப் புழுக்கு வேங்கைப்பூவாகவும் புலவர் கண்ணுக்குத் தோன்றுகின்றன. வறிய பாணனுக்கு இட்ட எளிய சோற்றைப் பூவுக்கு ஒப்பிட்ட இனம் இது. அவ்வினத்தின் வழிவந்தோர் இன்று வரகென்றால் முகஞ்சுளிக்கின்றனர்!

பிரஞ்சு நாட்டு மார்சேய்த் துறைமுகத்தில் மீனவர்கள், விற்பனைக்கு ஆகாத முள்மீன்களைப் பெருங்கலத்திலிட்டுக் காய்ச்சிக் குடித்தனர். அதற்குப் புய்யாபேசு என்று பெயர். பின்னர் அஃது உலகப் புகழ்பெற்றுப் பெருவிலை பெற்றது. ஆயினும் அவ்வூரார் அதன் பெயரை மாற்றவில்லை. எவ்வெம் மீன்கள் அதில் இடம்பெறல் வேண்டும் என்று 1980இல் அவ்வூர் உணவகத்தார் ஆவணமே எழுதிக் கையொப்பமிட்டனர். உண்ண வருவோர்தாம் அவர்தம் மொழிப் பெயரைக் கற்றுக்கொண்டு கேட்கின்றனர்.

இங்கு நடந்ததோ நேர்மாறு. நம் மிளகுத்தண்ணீரை வெள்ளையர் வாய்க்கு வந்தபடி முல்லிகட்டாணி எனத் திரித்தனர். இறைச்சியும் பருப்பும் சேர்த்துத் தம் குடிநீராக்கினர். அத்திரிந்த பெயரையே பெருவிடுதிகள் விலைப்பட்டியலில் அச்சிட்டுத் தமிழனுக்கே விற்கின்றன. தமிழனும் அதை வாங்கிக் குடித்துவிட்டு, தன் தாய் வைக்கும் மிளகுச்சாற்றைக் காய்ச்சற்காரன் உணவென்கின்றான். சோறு என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. விருந்தினர்முன் "இன்னுங் கொஞ்சம் சோறு" என்பது நயமற்றதாம். சாதம் என்னும் வடசொல்லே நாகரிகமாம்! பெயருக்கு நாணியவன் நாளடைவில் பொருளுக்கும் நாணுகின்றான். நாணியதை விட்டொழித்து, அயலான் விலைக்குத் தருவதைத் தேடி அலைகின்றான்.

நல்லுணவுக்கு வேண்டுவது பணத்தினும் மிகுதியாகப் பதமறிதலே. கொங்குநாட்டுப் பெண்டிர் ஒரு படி கொள்ளில் இரண்டு உணவு ஆக்குவர். வெந்த கொள்ளை வடித்த நீரில் புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் கூட்டினால் சாறு. எஞ்சிய கொள்ளைச் சின்ன வெங்காயத்தோடு கடைந்தால் சோற்றுக்குப் பிசைய ஒரு கடைசல். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து தட்டும் அடைக்கு எந்நாட்டு அப்பமும் ஈடாகாது. கம்பை இடித்துக் காய்ச்சி, ஓரிரவு புளிக்கவிட்டு, மோரூற்றிக் கரைத்து, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தவர்க்கு உச்சி வெயிலும் பொருட்டன்று. கடற்கரை ஊர்களில் மலிவாய்க் கிடைக்கும் மத்தி என்னும் சாளைமீன், மண்சட்டிக் குழம்பில் ஓரிரவு ஊறி மறுநாட் பழஞ்சோற்றுக்கு வரும்போதுதான் தன் முழுச் சுவையைக் காட்டும். லிசுபன் நகரத்தார் சூன் திங்கள் விழாவில் அவ்வின மீனையே தெருவிற் சுட்டுக் கொண்டாடி உண்கின்றனர். இங்கோ அதில் ஒரு பங்கு மீன்தூள் ஆலைக்குப் போகின்றது.

2023 சூலையில் தக்காளி கிலோ 100 உரூபாவைத் தாண்டியபோது, இனிக் குழம்பு வைப்பதெங்ஙனம் என்று பலர் புலம்பினர். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து நேற்று வந்த விருந்தாளி. அதற்கு முன் ஈராயிரம் ஆண்டாகப் புளி இருந்தது; இன்றும் இருக்கின்றது. (மிளகாயும் அவ்வாறு வந்ததே; ஆனால் அதற்கு மிளகைக் கொண்டே தமிழ்ப் பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர் நம் முன்னோர். அத்துணிவு இன்று எங்கே?)

ஒன்றை மறைத்தல் தகாது. கம்பும் வரகும் இன்று ஏழைக்கு மலிவானவை அல்ல. 2023ஐ ஒன்றிய நாடுகள் அவை சிறுகூல ஆண்டாக அறிவித்தபின் பகட்டான கடைகள் அவற்றைப் பளபளக்கும் பைகளில் அடைத்து, அரிசியினும் மிக்க விலைக்கு விற்கின்றன. பங்கீட்டுக் கடையிலோ 2011 சூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. இந்நிலையில் கூழைக் கைவிட்டாய் என்று கூலித்தொழிலாளியைக் குறைகூறுவது அறமன்று. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023இல் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பெற்றது. அது நல்ல தொடக்கம். ஆனால் இரு மாவட்டங்களோடு நிற்கத்தக்கதன்று. கம்பும் வரகும் தினையும் அதில் இடம்பெறல் வேண்டும். அவற்றை விளைக்கும் மானாவாரி உழவனிடமிருந்து அரசே நேரே கொள்முதல் செய்தல் வேண்டும். பங்கீட்டுக் கடைப் பலகையில் அவற்றின் பெயர்கள் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுதப்படல் வேண்டும்.