காரம் ஏறினால் ரசனை ஏறிவிடுமா?

பைப் பிடிப்பவர்களிடையே ஒரு ஏணிக் கதை உண்டு. புதியவன் செர்ரி, வெனிலா மணம் ஏற்றிய தித்திப்புப் புகையிலையில் ஆரம்பிப்பான். சில வருஷங்களில் அது அலுத்து, புகைமூட்டத்தில் பதப்படுத்திய லட்டாக்கியா கலந்ததற்குப் போவான். கடைசியில் மணம் எதுவும் ஏற்றாத வெறும் வர்ஜீனியா இலைக்கு வந்து சேர்வான். இந்தப் பிரயாணத்துக்கு அவன் வைக்கும் பெயர் ரசனை முதிர்ச்சி.

திருவண்ணாமலையில் பைப் பிடிப்பவரைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏணி இங்கும் இருக்கிறது. வெற்றிலையோடு முதலில் பன்னீர்ப் புகையிலை. பிறகு வேதாரண்யத்துக் காரப் புகையிலை. மேலே ஏறியவர் கீழே நிற்பவரைப் பார்த்து, ‘இன்னும் பன்னீர்தானா?’ என்பார். பழனி முருகனுக்குப் புகையிலையைத் தூது விட்ட சீனிச்சர்க்கரைப் புலவர் பெயரிலேயே இரண்டு தித்திப்பை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த வெட்கம் இருந்திருக்காது.

நம் விமர்சகர்களுக்கு இருக்கிறது. ‘பிச்சமூர்த்தி இப்போது எனக்குத் தித்திக்கிறார்’ என்று சொல்லிவிட்டால் தாம் வளர்ந்துவிட்டதாக நினைப்பு. 1959ல் ‘எழுத்து’ ஆரம்பித்த காலத்தில் அதே கவிதைகள் பண்டிதர்களின் தொண்டையைக் கமறச் செய்தன. கவிதையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? ரசனையா, வெறும் பழக்கமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நான் கேட்டுக்கொண்டதும் தானாக அல்ல. பதினோரு வருஷம் புகையிலை போட்டவன் நான். காரம் கூடக்கூட என் நாக்கு நுட்பமாகிறது என்று நம்பினேன். இரண்டு வருஷத்துக்கு முன் பல் டாக்டர் என் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டைக் கண்ணாடியில் காட்டினார். அன்றோடு விட்டேன். சில வாரங்களில் ரசத்தில் பெருங்காயம் தனியாகத் தெரிந்தது. நிகோடினுக்கு உடம்பு பழகப் பழக முன்பு போட்ட அளவு போதாமல் போகும், வாசனையும் மங்கும். நான் நுட்பம் என்று பெருமைப்பட்டதில் பெரும்பகுதி மரத்துப்போனதுதான்.

இதை நாக்கோடு விட்டுவிட முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முன் போளூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் கவிதை நோட்டோடு பாங்குக்கு வந்தார். மூன்று பக்கம் புரட்டிவிட்டு, ‘பன்னீர்ப் புகையிலை, தம்பி’ என்றேன். சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அவை நல்ல கவிதைகள் என்று இப்போது சொல்ல வரவில்லை. நான் அவற்றைப் படிக்கவே இல்லை என்றுதான் சொல்கிறேன். காரம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை என்றதும் மூடிவிட்டேன்.

அப்படியானால் ரசனை வளர்வதே இல்லையா என்று கேட்பார்கள். வளர்கிறது. ஒரே காரமுள்ள இரண்டு இலைகளில் திண்டுக்கல் எது, வேதாரண்யம் எது என்று பிரித்துச் சொல்பவர் உண்டு. அது வளர்ச்சி. அவரிடம் பன்னீர்ப் புகையிலையைக் கொடுத்தால் வேண்டாம் என்பார்; ஆனால் அதில் என்ன இருக்கிறது என்றும் சொல்வார். திரும்பிவந்து ருசி பார்க்க முடியாதவர் வளர்ந்தவரல்ல. அவருக்கு டோஸ் போதவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மதிப்புரை எழுதுமுன் நம் விமர்சகர்கள் ஒரு காரியம் செய்யட்டும். தாம் முதன்முதலில் மயங்கிய புஸ்தகத்தை எடுத்து, அதில் என்ன இருந்தது என்று நாலு வரி எழுதட்டும். எழுத முடியாதவர்கள் தயவுசெய்து இளைஞர்களின் நோட்டைத் தொட வேண்டாம்.