‘புஸ்’ என்று போன ஒரு கிலோ



சில ஆண்டுகளுக்கு முன் வாடகை வீடு மாறினோம். படுக்கையறை ஏசியைக் கழற்ற ஒரு தம்பி வந்திருந்தார். மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினார். ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். வெண்புகை மாதிரி ஏதோ பீறிட்டுக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. “பயப்படாதீங்க சார், கேஸ்தான். புது வீட்ல மாட்டும்போது ஃபுல்லா போட்டுக்கலாம்” என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். புது வீட்டில் கேஸுக்கென்று தனியாகப் பணமும் கொடுத்தேன். அன்று காற்றில் கலந்தது என்ன என்று பிற்பாடு தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்தப் பழைய ஏசியில் இருந்தது ஆர்-22 என்ற வாயு. ஒன்றரை டன் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அந்த ஒரு கிலோ பூமியைச் சூடாக்கும் அளவு சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் 39,000 கிலோமீட்டர் சுற்றினால்தான் 1,800 கிலோ சேரும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இருபத்தைந்து தடவைக்கு மேல் போய்த் திரும்பலாம். இந்தியாவில் ஒருவருக்குச் சராசரியாக ஓராண்டில் கணக்காகும் கரியமில வாயுவே ஏறத்தாழ இரண்டு டன்தான். கிட்டத்தட்ட ஓர் ஆளின் ஓராண்டுப் பங்கு, என் வீட்டு மாடியில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

வீட்டில் எல்லா விளக்கையும் எல்இடியாக மாற்றியிருந்தோம். கடைக்குப் போனால் துணிப்பை. அதெல்லாம் நல்ல பழக்கம்தான், இன்றும் விடவில்லை. ஆனால் ‘கரித்தடம்’ என்று பேச்செடுத்தாலே பல்பையும் பையையும் மட்டும் நினைத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி ஒருமுறைகூட யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

இதில் நம் மனதுக்கு நெருக்கமான ஒரு கதையும் இருக்கிறது. 1944இல் சென்னையில் பிறந்தவர் வீரபத்ரன் ராமநாதன். பதினோரு வயதுவரை தமிழில் படித்தார். குடும்பம் பெங்களூருக்குப் போனதும் ஆங்கில வழிப் பள்ளி. பாடம் புரியாமல் தவித்து, கடைசியில் எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு வந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல். முதல் வேலை செகந்திராபாத்தில், ஃபிரிட்ஜ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில். ஃபிரிட்ஜிலிருந்து குளிர்வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவது அவருக்குத் தரப்பட்ட பணி. அந்த வாயுக்களுக்குக் குளோரோஃபுளோரோகார்பன் என்று பெயர். அவை கசிந்தால் நஷ்டம் முதலாளிக்கு என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கிருந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் வழியாக அமெரிக்கா போனார். வேறு துறையில் ஆராயலாம் என்று போனவரை, அவருடைய பேராசிரியர் செவ்வாய், வெள்ளிக் கிரகங்களின் காற்றுமண்டலத்தைப் பற்றி ஆராயச் சொன்னார். 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இருவர், குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதன் அதைப் படித்தார். தான் செகந்திராபாத்தில் பிடித்து நிறுத்தப் போராடிய அதே வாயு. அது வெப்பத்தை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். 1975இல் வந்த விடை அவரையே திடுக்கிட வைத்தது. இந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறு செய்கிற வேலையைச் செய்கிறது! புவி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டுமே காரணம் என்று அதுவரை இருந்த எண்ணம் அன்றோடு மாறியது.

இவ்வளவு சின்ன அளவு எப்படி இவ்வளவு பெரிய வேலை செய்யும்? அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய ஒளியை வாங்கிச் சூடாகும் பூமி, அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அதைத் தடுப்பதில்லை. நீராவியும் கரியமில வாயுவும்தான் அடுப்படிச் சுவர்போல அதைத் தடுக்கின்றன. கரியமில வாயுவை நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாகிறது என்று யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். இந்தத் தடுப்பு கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். அது அறவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. இருப்பதால்தான் 15 டிகிரி அளவில் உயிர் வாழ்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அடுப்படிச் சுவர் தடித்துக்கொண்டே போகிறது.

ஆனாலும் அடுப்படிக்கு ஒரு புகைபோக்கி இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு மைக்ரான் வரை அலைநீளமுள்ள வெப்பக் கதிர்களை நீராவியோ கரியமில வாயுவோ அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பூமியின் சூடு தடையின்றி வெளியேறும் வழி அதுதான். குளோரோஃபுளோரோகார்பனும் அதன் உறவுக்காரர்களான இன்றைய ஏசி வாயுக்களும் சரியாக அந்த வழியில் போய் நிற்கின்றன. புகைபோக்கியில் துணியை அடைத்தால் என்ன ஆகும்? துணி சின்னதுதான். ஆனால் வீடெல்லாம் புகை.

ஓசோனைக் காக்க 1987இல் மாண்ட்ரியால் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. பழைய வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. பதிலுக்கு வந்தவை ஓசோனைத் தொடாதவை, ஆனால் சூட்டைப் பிடிப்பதில் பழையவற்றுக்குச் சளைத்தவை அல்ல. அவற்றையும் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. அதை ஒழுங்காக நிறைவேற்றினால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் அரை டிகிரி வரை வெப்பத்தைத் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. இந்த விஷயத்தில் உலகம் ஒன்றுகூடிச் செய்து காட்டியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒப்பந்தம் தொழிற்சாலைக்கு. மாடியில் இருக்கும் பெட்டிக்கு நாம்தான் பொறுப்பு. பலர் நினைப்பதுபோல ஏசியின் கேஸ் சமையல் கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்துபோவது அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, கசிவு இல்லாதவரை அப்படியே இருக்கும். “வருஷத்துக்கு ஒருதடவை கேஸ் போடணும்” என்று யாராவது சொன்னால், வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ஏசி அதைக் காற்றில் விடுகிறது என்று அர்த்தம். கடலோரத்தில் உப்புக் காற்றில் குழாய்ச் சுருள் (காயில்) அரிபடும். இணைப்பு நட்டுகளில் மெல்லக் கசியும். முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அடைத்த பிறகு கேஸ் போடட்டும்.

ஏசியைக் கழற்றும்போது ‘பம்ப் டவுன்’ செய்யச் சொல்லுங்கள். ஏசியைக் குளிர்ச்சியில் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். உள்ளே இருக்கும் கேஸை எல்லாம் கம்ப்ரசர் இழுத்து வெளியே இருக்கும் பெட்டியில் சேர்த்துவிடும். சில நிமிடங்களில் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். புது வீட்டில் கேஸுக்குப் பணம்கூட மிச்சம். கம்ப்ரசர் ஓடாத ஏசி என்றால், கேஸைச் சிலிண்டரில் இழுத்துச் சேர்க்கும் கருவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும். இந்தக் கருவி ஒவ்வொரு ஊரிலும் எளிதாகக் கிடைக்கும்படி செய்வது அரசும் ஏசி நிறுவனங்களும் ஏற்க வேண்டிய கடமை. மாத வருமானம் நிச்சயமில்லாத ஒரு மெக்கானிக்கின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் வாயுவின் பெயரைப் பாருங்கள். ஆர்-410ஏ என்றால் ஒரு கிலோ 2,000 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் 675. ஆர்-290 என்பது புரொபேன், அதன் சூடாக்கும் திறன் மிகச் சொற்பம்; தீப்பற்றும் வாயு என்பதால் பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும்.

ஏசியே வேண்டாம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்னி நட்சத்திரத்தில் இரவிலும் தணியாத கான்கிரீட் வீட்டுக்குள் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் படும் பாட்டை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 24 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியையும் போட்டுக்கொண்டால் 20இல் வைப்பதைவிடக் கரண்டு கணிசமாக மிச்சமாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஆறு சதவீதம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், அந்த மிச்சமும் சின்ன விஷயம் அல்ல.

போன தை மாதம் மறுபடியும் வீடு மாறினோம். வந்த மெக்கானிக்கிடம் பம்ப் டவுன் செய்வீர்களா என்று கேட்டேன். “கேக்கறவங்க கம்மி சார். கேட்டா செய்வோம்” என்றார். வால்வை மூடிவிட்டு, மீட்டரில் முள் இறங்குவதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நட்டைத் தளர்த்தியபோது லேசாக ஒரு மூச்சு மட்டும் வந்தது.

நம் வாசகர்களில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் உண்டு என்று கடிதங்களிலிருந்து எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் பழைய கேஸை எங்கே கொடுக்கிறீர்கள், எந்தக் கருவி கிடைக்காமல் கஷ்டப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கென்று இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்