வயிற்றில் இருப்பது இடுமருந்தா?

ஒரு பெண் ஆகாரம் செல்லாமல் மெலிந்து, வயிறு உப்பிக் கிடந்தால், “எவளோ மருந்து வைத்துவிட்டாள்” என்பதாகச் சொல்லி மருந்து எடுப்பவனிடம் இழுத்துப் போகிறார்கள். அவன் பச்சிலை கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, தான் ஒளித்து வைத்திருந்த மயிர்ச் சுருளைக் காட்டிப் பணம் பறிக்கிறான்.

நாம் கேட்கிறோம்: பெண் பார்க்க வந்தவர்கள் “தடித்திருக்கிறாள்” என்று சொல்லிப்போன அன்று முதல் அவள் சோற்றைத் தள்ளி வைத்ததை யாராவது கவனித்தீர்களா?

அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் 1944-45-ல் திடகாத்திரமுள்ள 36 ஆண்களுக்கு ஆறு மாத காலம் பாதி ஆகாரமே கொடுத்துப் பரீட்சித்தார்கள். அவர்கள் மெலிந்து, மனஞ்சோர்ந்து, எரிந்து விழுந்து, சதா ஆகார நினைவாகவே கிடந்தார்கள். அவர்களுக்கு மருந்து வைத்தவள் எவள்? பட்டினியே அல்லவா? பட்டினி கிடந்த வயிறு மந்தமாவதும், சிறிது தின்றாலும் உப்புவதும் இயற்கையே.

ஆகவே, தோழர்களே! வாந்தி வைத்தியனை விரட்டுங்கள். படித்த வைத்தியரிடமும், ஆகார முறை தெரிந்து அன்பாய்ப் பேசுவோரிடமும் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் வீட்டில் ஏச்சு நிற்காதவரை சோறு இறங்காது. பெண்ணின் உடம்பு, பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசும் சந்தை மாடல்ல!