தகரைக்கு மருந்தடிக்காதீர்கள்



நம் குரூப்பில் ஒரு தம்பி மஞ்சள் பூ பூத்த செடியைப் படம் பிடித்துப் போட்டு, "ஏரிக்கரை முழுக்க இந்தக் குப்பைதான், எந்த மருந்தடித்தால் வேரோடு போகும்?" என்று கேட்டிருக்கிறான். ஆளாளுக்கு மருந்துப் பெயர் சொல்லியிருக்கிறீர்கள். செடியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

அது தகரை. ஊசித்தகரை என்றும் சொல்வார்கள். மழை விழுந்தால் முளைக்கும், இரவில் இலையை மூடிக்கொள்ளும். கசக்கினால் நாற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் குப்பை என்று சொல்லக் கடலூர்க்காரர்களுக்கு வாய் வரக்கூடாது.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. இங்கிருந்து அவர்கள் கப்பலேற்றிய பெரிய சரக்கு துணி. பக்கத்துப் புதுச்சேரி நீலத்துணி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போய் விலையானது. பழைய தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர்போனது. அவுரியை எல்லோருக்கும் தெரியும். தகரையைத்தான் மறந்துவிட்டோம்.

நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலில் ஏறாது. தென்னாட்டுச் சாயக்காரர்கள் என்ன செய்தார்கள்? தாழியில் நீலத்தோடு சுண்ணாம்பும் உவர்மண் நீரும் சேர்த்து, தகரை விதையை வேகவைத்து ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். அந்த விதையைத் தின்று கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும். தாழிக்குள் ஆக்சிஜன் தீரும். நீலம் தன் நிறத்தை விட்டுக் கரைந்துவிடும். அதில் முக்கிய நூல் பச்சையாக வெளியே வந்து, காற்றுப்பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஒடுக்கம், ஆக்சிஜனேற்றம் என்று பலகையில் எழுதிப் போட்டேனே, அதுதான். பாடப்புத்தகம் இல்லாமலே செய்தார்கள்.

"சார், அதெல்லாம் பழங்கதை" என்பீர்கள். 1897-இல் ஜெர்மன் கம்பெனி பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியதும் அவுரி விழுந்தது, உண்மை. பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. தொட்டியில் இறங்கி நாள் முழுக்க அவுரித் தண்ணீரை அடித்துக் கலக்கியவர்கள் பட்ட பாடு பொன்னல்ல. உலகத்து ஜீன்ஸுக்கெல்லாம் தகரை போதாது என்பதும் தெரியும்.

ஆனால் இன்றைக்கும் அது வீணில்லை. இதன் விதைப் பிசினை நாய், பூனைத் தீவனம் கெட்டியாவதற்கு வெளிநாட்டில் சேர்க்கிறார்கள் (நாய்க்குத் தெரிந்த மதிப்பு நமக்குத் தெரியவில்லை!). ஜபல்பூரில் இருக்கும் களை ஆராய்ச்சி நிறுவனமோ, பார்த்தீனியத்தை அமுக்கத் தகரையை விதைக்கச் சொல்கிறது. களையை ஒழிக்கவே இருப்பவர்கள் விதைக்கச் சொல்லும் செடிக்கு நீங்கள் மருந்து தேடுகிறீர்கள். தகரையைக் கருக்கிவிட்டால் வெறும் கரையில் அடுத்து வருவது எது? பார்த்தீனியம்தான். அதைத் தொட்டால் அரிப்பு, பக்கத்தில் போனால் தும்மல். அதைப் பிடுங்கக் கூப்பிடுங்கள், இந்த வயதிலும் வருகிறேன்.

மல்லாட்டைக் கொல்லையில் தகரை வந்தால் பிடுங்கிப் போடுங்கள், அங்கே அது களைதான். ஏரிக்கரை வேறு. அங்கே அடிக்கிற மருந்து அடுத்த மழையில் ஏரிக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரில்தான் நம் மாடு வாய் வைக்கிறது.

தம்பி, தெளிப்பானைத் திருப்பிக் கொடுத்துவிடு. காய் முற்றியதும் விதையைத் தட்டி ஒரு பையில் கட்டி வை. திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி போடுகிறார்கள். நீலக்கட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு பானையில் போட்டுக் காட்டுகிறேன்.