எண்ணிக்கையா பெருமை?

அண்ணனோ தம்பியோ உள்ள தோழியர் அனைவரும் இந்த வழக்கை அறிவீர்கள். “எந்தக் காலத்து வீடியோ கேம் மெஷின் சிறந்தது?” என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், தட்டில் சோறு ஆறிப் போகும். ஆளாளுக்கு எடுத்து வீசும் ஆயுதம் எண்ணிக்கைதான். “இதற்கு ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் உண்டு, அதற்கு நானூறுகூட இல்லை!” ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுங்கி நிற்காமல் நானும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை ஒரு பொய்ச் சாட்சி.

நம் பெற்றோர் சிறுவர்களாயிருந்த 1990-களில் இங்கே பல வீடுகளில் ஆடப்பட்ட டி.வி. கேம்கள், ஜப்பானிய நின்டெண்டோ மெஷினின் நகல்களே. கேசட்டின் மேல் “9999 இன் 1” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவையோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவையே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். என் மாமா இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அமெரிக்காவில் இது சிரிப்போடு நிற்கவில்லை. 1977-இல் வந்த அட்டாரி 2600 மெஷினுக்குக் கண்டவரெல்லாம் விளையாட்டு செய்து விற்றனர். ‘ஈ.டி.’ திரைப்படத்தின் பெயரால் 1982-இல் வந்த விளையாட்டு ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் செய்யப்பட்டது. மறு ஆண்டே சந்தை சரிந்தது. விற்காத சரக்கை நியூ மெக்ஸிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-இல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள்!

இதைக் கண்டு பாடம் கற்ற நின்டெண்டோ, 1985-இல் அமெரிக்காவில் இறங்கியபோது மெஷினுக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்தது. வெளி நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்றும் விதித்தது. கண்டிப்பான விதிதான், ஆனால் பலன் இருந்தது. அவ்வாண்டு பிறந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கிலோபைட். இன்று நம் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு!

அடுத்து வந்த போட்டியையும் பார்ப்போம். சோனியின் பிளேஸ்டேஷன் 1994-இல் மலிவான டிஸ்க்குகளோடு வந்தது. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 விலையுயர்ந்த கேசட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. 1997-இல் மூன்று டிஸ்க்குகளில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ கேசட்டில் எப்படி அடங்கும்? சோனியின் அலமாரி நிரம்பி வழிந்தது. நின்டெண்டோ 64-க்கோ நானூறுக்கும் குறைவு. ஆயினும் அந்தச் சிறு அலமாரியில்தான் 1998-இன் ‘ஓகரினா ஆஃப் டைம்’ இருந்தது. இன்றும் அதைப் புகழாதவர் அரிது.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பேன். ஒரு தலைமுறையின் விளையாட்டை அடுத்த தலைமுறை ஆட முடிகிறதா? பாட்டி படித்த புத்தகத்தை நான் படிக்கக் கண் இருந்தால் போதும். விளையாட்டுக்கோ அதே மெஷின் வேண்டும். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2, முன்னோனின் டிஸ்க்குகளையும் ஏற்றுக்கொண்டது. 15 கோடிக்கும் மேல் விற்றது. 2006-இன் பிளேஸ்டேஷன் 3 முதலில் அவ்வாறே செய்தது. பின்னர் செலவைக் குறைக்கவென்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ மெஷின்களின் இணையக் கடைகளை மூடியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளை இனிப் புதிதாக வாங்க வழியில்லை.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அதே ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லையாம். பழைய சரக்கைக் காத்து வைப்பதும் செலவுதானே என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், தாமும் விற்காமல், நூலகங்கள் ஆய்வாளருக்கு இணையம் வழியே காட்டவும் விடாமல் தடுப்பது என்ன நியாயம்? அந்த அனுமதியைக் கேட்ட விண்ணப்பத்தை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. நூலகத்துக்கு நேரில் சென்றால் பார்க்கலாம். இந்த வரலாற்றை நாளை ஆராய வேண்டுமென்ற ஆசை எனக்கு உண்டு. அதற்கு நான் விமானம் ஏற வேண்டும்.