ஒன்றும் ஒன்றும் மூன்றாகுமா?



வலியால் துடிக்கும் ஒருவரின் படுக்கையருகே அமர்ந்து இரவைக் கழித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. ஒரு மாத்திரை வலியைப் பாதிதான் தணிக்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றையும் உடன் கொடுத்தால் முழுவதும் தணிந்துவிடாதா?

அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பினையும் அதன் இன மருந்துகளையும் பற்றி ஆய்வாளர்களும் இவ்வாறே கேட்டனர். விடை தேடி எலிகளிடம் சென்றனர்.

எலியின் வாலில் சூடான ஒளிக்கற்றையைப் பாய்ச்சுவார்கள். சூடு பொறுக்காமல் அது வாலை விலக்கிக்கொள்ள எத்தனை வினாடிகள் ஆகின்றன எனக் கணக்கிடுவார்கள். வலி தணிந்திருந்தால் வால் விலகத் தாமதமாகும். 1941ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட முறை இது.

இரு மருந்துகளிலும் பாதிப் பாதி அளவு கொடுத்தால் ஒரு முழு அளவின் பயன் கிடைப்பது இயல்பு. இது வெறும் கூட்டல். அதற்கும் மேலாகப் பயன் கிடைத்தால், ஒன்றும் ஒன்றும் மூன்றாகிறது எனலாம். மாறாக, ஒன்று மற்றொன்றின் பயனைக் குறைப்பதும் உண்டு. பென்டாசோசின் என்னும் மருந்து மார்பினின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுத்துவிடக்கூடும்.

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மார்பினையும் ஆக்சிகோடோனையும் எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தனர். தனியே பயன் தராத சிற்றளவுகள், சேர்ந்தபோது வலியை நன்றாகத் தணித்தன. மயக்கம் போன்ற பக்கவிளைவுகளும் குறைந்தன. ஆனால் 2002இல் நியூயார்க் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் சோதித்தபோது, அதே இணை வெறும் கூட்டலாகவே நின்றது. அங்கே மார்பினுடன் மெதடோன் சேர்ந்தபோதுதான் கூட்டலை மிஞ்சிய பயன் கிடைத்தது. குடலின் இயக்கத்தை மந்தமாக்கும் தீங்கோ அந்த அளவுக்கு மிகவில்லை. ஒரே இன மருந்துகளாயினும் அவை உடலில் வேலை செய்யும் வழிகள் வேறுபடலாம் என்பதை இது உணர்த்தியது.

எலியிடம் கண்டது மனிதரிடமும் பலித்ததா? மார்பினும் ஆக்சிகோடோனும் கலந்த மாத்திரை ஒன்றை ஒரு நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவில் அனுமதி கேட்டது. போதிய சான்று இல்லை என்று 2014இல் அந்நாட்டு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூறியது, அனுமதி கிடைக்கவில்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? இவ்வின மருந்துகள் வலியை மட்டும் தணிப்பதில்லை, மூச்சையும் மந்தமாக்குகின்றன. இரண்டு சேரும்போது, வலி தணிவதற்கு முன்பே மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. எலியின் வால் காட்டும் வினாடிகள் இதை நமக்குச் சொல்லிவிடா.

ஆகவே, சென்ற ஆண்டு தாயாருக்கு வாங்கி மீந்த மாத்திரையை இன்று தந்தையாரின் மருந்துடன் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அன்பினால் செய்தாலும் அது தீங்காய் முடியலாம். தூக்க மாத்திரையைச் சேர்ப்பதும் அவ்வாறே. அதற்காக நோயாளி வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்கவேண்டும் என்பதும் இல்லை. மருந்து போதவில்லை என்று மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். அளவைக் கூட்டவும், மருந்தை மாற்றவும், தக்க துணைமருந்தைச் சேர்க்கவும் அவருக்கு வழி தெரியும். வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் மறவாமல் எடுத்துச்சென்று அவரிடம் காட்டுங்கள்.