பின்னாடி நிக்கிறவர் பேரு என்ன பாஸ்?

கல்ச்சுரல்ஸ் கடைசி நாள் ராத்திரி. க்ரவுண்ட் ஃபுல். கையில் கிடாரோடு பாடகர் வர்றார், நீங்க தொண்டை கிழியக் கத்துறீங்க. ஓகே. அவருக்குப் பின்னாடி நாலைந்து பேர் நிக்கிறாங்களே, அதில் ஒருத்தர் பேராவது தெரியுமா? தெரியாதுல்ல? இந்த வார மேட்டர் அதுதான்!

சில வருஷம் முன்னாடி, திருச்சி பக்கம் ஒரு கல்லூரி விழா. பேர் வேணாம். சொந்தமா எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுற ஒருத்தர். கூட பேஸ் கிடார், டிரம்ஸ், ரெண்டு பறைக் கலைஞர்கள். மதியமே சவுண்ட் செக் முடிஞ்சது. பறைக்காரங்களை மட்டும் 'சாயங்காலம் வந்தா போதும்'னு சொல்லிட்டாங்க. வந்தவங்க, 'கொஞ்சம் வைக்கோல் கொளுத்திக்கிறோம்'னு கேட்டதுக்கு கேட்டிலேயே 'நோ'!

பறை என்பது மர வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல். சூடு காட்டினால்தான் தோல் இறுகும், சத்தம் கணீர்னு வரும். அன்னைக்கு ஈரக் காத்து வேற. முதல் பாட்டில் 'தொப்பு தொப்பு'ன்னு கேட்டுச்சு. கூட்டத்தில் 'ஓ'ன்னு ஊளை!

பாடகர் பாட்டை நிறுத்தினார். 'பத்து நிமிஷம்'னு சொல்லிட்டுத் தனியா கிடாரை மீட்டிப் பாட ஆரம்பிச்சார். அதுக்குள்ள கேன்டீன் அண்ணன் பின்பக்கம் அட்டைப்பெட்டியைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சிக் கொடுத்தார். ரெண்டு பேரும் திரும்பி வந்ததும் பாடகர் அவங்க பேரைச் சொல்லி, தனக்கு முன்னாடி நிக்க வெச்சார். அப்புறம் விழுந்துச்சு பாருங்க அடி... ஊளையிட்ட கூட்டம் அப்படியே ஆட ஆரம்பிச்சது.

'முன்னாடி வாங்க'ன்னு கூப்பிடுறது நம்ம ஊரில் சின்ன விஷயம் இல்லை பாஸ். உறையூரில் ஒரு பாணர் இருந்தார். யாழோடு பாடுறதுதான் பாணர்களின் தொழில். சாதி காரணமா கோயில் பக்கம் போக முடியாததால், காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பார்த்துப் பாடுவாராம். ஒருநாள் பாட்டில் மெய்மறந்தவர், வழிவிடச் சொன்னது காதில் விழாமல் நிற்க, லோகசாரங்கர் கல்லால் அடித்தார். அதே லோகசாரங்கரே அவரைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோக வேண்டியதாயிற்று என்கிறது கதை. அவர்தான் திருப்பாணாழ்வார். பாடியது பத்தே பாசுரம். அவை நாலாயிர திவ்விய பிரபந்தத்தில் சேர்ந்தன. வைகுண்ட ஏகாதசியையொட்டி ஸ்ரீரங்கத்தில் அரையர்கள் தாளத்தைத் தட்டிக்கொண்டு பிரபந்தம் பாடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மேடைக்கு எத்தனை வாட்ஸ் என்பது முக்கியமில்லைன்னு.

அப்படியே அமெரிக்கா போவோம். 1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அதுவரை ஒற்றைக் கிடாரோடு பாடிய பாப் டிலான், எலெக்ட்ரிக் கிடாரும் பேண்டுமா வந்தார். 'பூ' என்று கத்தினார்கள். 'ஃபோக்' ஆளுக்கு எலெக்ட்ரிக் எதுக்குன்னு பாதிப் பேர் கோபம். சத்தம் சரியில்லைன்னுதான் கத்தினாங்க என்பவர்களும் உண்டு. அதுக்கப்புறம் அவருக்குப் பின்னணி வாசிச்ச 'ஹாக்ஸ்' குழு என்ன ஆச்சு? 'தி பேண்ட்'னு பேர் வெச்சுக்கிட்டு, சொந்த ஆல்பம் போட்டு, ராக் வரலாற்றில் தனி இடமே பிடிச்சாங்க. டிலானுக்கு 2016-ல் இலக்கிய நோபல்!

நம்ம பக்கம்? தஞ்சாவூர்க்காரர் அந்தோணிதாசன். கரகாட்டம், நையாண்டி மேளம்னு திருவிழா மேடைகளில் வளர்ந்தவர், தர்புகா சிவாவோடு சேர்ந்து 'லா பொங்கல்' பேண்டில் அதே மண் பாட்டை கிடாரோடு பாடினார். 'சொடக்கு' பாட்டில் நீங்க ஆடினது அந்தக் குரலுக்குத்தான்!

2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து வந்த பேர் அது. ஸ்டார் ஒருத்தர், பின்னாடி பத்துப் பேர் என்ற கணக்கே அங்க இல்லை. அதில் பாடிய இசைவாணி 2020-ல் பி.பி.சி-யின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார்.

சரி, இந்த வருஷம் கல்ச்சுரல்ஸ் டீமில் நீங்க இருக்கீங்களா? அப்போ மூணே மூணு வேலை. ஒண்ணு, போஸ்டரில் வாசிக்கிற எல்லார் பேரையும் போடுங்க. ரெண்டு, பறையோ தவிலோ, அவங்களுக்கும் சவுண்ட் செக் டைம் கொடுங்க. தீ மூட்ட ஓர் இடமும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணியும் ரெடியா இருக்கட்டும். மூணு, பேசின பணத்தை அன்னைக்கு ராத்திரியே கையில் கொடுங்க. ஸ்டாருக்கு அட்வான்ஸ், தப்பு அடிக்கிறவருக்கு 'அடுத்த வாரம் வாங்க' - இது வேணாம்.

டீமில் இல்லாதவங்களுக்கு ஒரே வேலைதான். ஷோ முடிஞ்சதும் செல்ஃபி எடுக்க ஸ்டார் கிட்ட ஓடுவீங்கள்ல? போற வழியில் பறையைத் துணியில் சுத்திக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். 'அண்ணே, உங்க பேரு என்ன?'ன்னு கேட்டுட்டுப் போங்க!